காதுக்குக் கேட்காத பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின் சீட்டில், டாக்குரியா ஏரியை அரைச் சுற்று வருவதற்குள், ஜலதோஷம் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டது. காரை ஓட்டியவர் சந்தானம். எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்வீட்டுக்காரர், துறைமுக அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டப்பகலில், கையில் கடலைப் பொட்டலத்தோடு, நான் அந்தக் காரில் பயந்தேன். எதற்கு என்று இப்போதே சொன்னால் சிரித்துவிடுவீர்கள். சிரித்துவிட்ட வாசகரை மறுபடி பயமுறுத்துவதற்கு எனக்குத் தெம்பு போதாது. பிறகு சொல்கிறேன்.

நான் அளந்துவிடுகிறவன் என்று டாக்குரியா முழுக்கத் தெரியும். ஹூக்ளி ஆற்றில் முதலைமேல் உட்கார்ந்து ஹவுராவுக்குப் போனதாக ஒருமுறை எழுதினேன். எந்தப் படித்துறையில் ஏறினீர்கள் என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். பாக்பஜார் என்றேன். இந்தக் கதையையும் அதே அக்கறையோடு படித்தால் போதும்.

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

"சந்தானம் தன் மனைவிக்காக ஒரு பெட்டி செய்தார்."

சவப்பெட்டி என்று நினைத்துக்கொள்வீர்கள். அடித்துவிட்டேன்.

"குமார்துலியில் துர்க்கை பண்ணுகிற நிதாய் அன்று காலை முதல்முறையாக ஒரு காரின் டிக்கிக்குள்"

முடிக்கவில்லை. முடித்தால் நிதாயின் கதையாகிவிடும். அவன் பாட்டுக்கு வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகிறவன்.

"ஷியாமளா ஒரு நாள் காலையில், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு சால்ட் லேக்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள்."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

2

போனவள் திரும்பி வரவில்லை. சந்தானம் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். தினமும் போன் பண்ணினார். "பாக்கலாம்" என்றாள். அப்புறம் ஒருநாள் அவளுடைய அண்ணன் பத்மநாபன் போனை எடுத்தார்.

"மாப்ளே, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வாங்கோ. வந்து கூப்பிடுங்கோ. வந்தா சந்தோஷம். வரலேன்னா அதுக்கப்பறம் நீங்க போன் பண்ணப்படாது. அவ சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன்."

"அப்படி என்ன கோவம் அவளுக்கு?"

"கோவமா? கோவமெல்லாம் இல்லையே. நன்னா தூங்கறா."

சந்தானத்துக்கு இந்த பதில் பிடிபடவில்லை. கோபத்துக்கு மருந்து உண்டு. தூக்கத்துக்கு என்ன செய்வது? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருந்தது. வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் ஆகாது. வீட்டுக் கதவுகளின் விளிம்பில் எல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் செருப்பு. எங்கள் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் கீழே அவர் தலை நிமிர்வது எனக்குத் தரை வழியாகத் தெரியும். சங்கீதம் மட்டும் விதிவிலக்கு. முப்பது வருஷமாகச் சபாக் கச்சேரிகளுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் ஷியாமளா கண்ணை மூடிக்கொள்வாள். மிருதங்கத்தின் இடது பக்கத்தை, அந்தத் தொப்பியின் கும்காரத்தை, அவள் அனுபவிக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார்.*

அதை அவளுக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் முடிவு செய்தார்.

[* அவள் கண்ணை மூடிக்கொண்டு என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் சந்தானத்தின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். அங்கிருந்து பார்த்தால் அவள் பக்கவாட்டில்தான் தெரிகிறாள்.]

3

கார் சாமான் விற்கிற மல்லிக் பஜாரில் ஒரு கடைக்காரன் சப்வூஃபரை, அடிநாதத்தை மட்டும் எழுப்புகிற ஸ்பீக்கரை, போட்டுக் காட்டினான். அந்த அடியில் சந்தானத்தின் மூக்குக்கண்ணாடி தானே இறங்கிச் சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஃபைபரில், காரின் டிக்கிக்கு ஏற்ற அளவில், ஓட்டை இடுக்கு இல்லாமல் அதற்கொரு பெட்டி செய்தால் இரைச்சல் வராது என்று யாரோ சொன்னார்கள். நிதாயின் பெயரையும் சொன்னார்கள். வெளிநாட்டுப் பூஜைகளுக்குக் கனமில்லாத ஃபைபர் துர்க்கைகள் செய்து அனுப்புகிறவன். பூஜைக்கு இன்னும் நாள் இருந்ததால் வந்தான்.

எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை நடந்தது. நான் தினமும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டிக்கியின் இடது மூலை முழுக்க டேப் ஒட்டி, மெழுகு தடவினான். கண்ணாடிநார்ப் பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து, ரெசினில் நனைத்து, மூலையில் அப்பி, உருளையால் குமிழிகளை விரட்டினான். ரெசின் இறுகும்போது தன்னாலேயே சுடும். தொட்டுப் பார்த்தேன், ஜுரக்காரக் குழந்தையின் நெற்றிபோல இருந்தது. காரமான அந்த நாற்றத்துக்குத் தெருநாய் பூலு, ஜன்மத்தில் யாருக்கும் பயப்படாதது, பக்கத்துப் பேட்டையான ஜோத்பூர் பார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இறுகிக் கிண்ணம்போல ஆகிவிட்ட அந்த ஓட்டின் மேல், ஸ்பீக்கர் உட்காருவதற்கான மரவளையத்தைக் குச்சிகளில் தூக்கி நிறுத்தினான். வளையத்தின் மேல் பனியன் துணியை இழுத்துக் கட்டினான். கட்டி முடித்ததும் நாங்கள் மூன்று பேருமே ஓர் அடி பின்னால் வந்தோம். டிக்கிக்குள் யாரோ போர்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி குந்தியிருப்பதுபோல் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான பள்ளம். நிதாய் கும்பிட்டுக்கொண்டான்.

"தொழில் பழக்கம், காக்கு" என்றான். காக்கு என்றால் சித்தப்பா.

அந்தத் துணியின் மேலும் ரெசின் பூசி, பாய் ஒட்டி, தேய்த்து, கறுப்புக் கம்பளம் போர்த்தினான். ஸ்பீக்கரை மாட்டி, காற்று போகிற குழாயையும் பொருத்தி, சந்தானத்தின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டான். அருமையான கும்காரம். நான்கூடத் தலையாட்டிவிட்டேன்.

சந்தானம் முகத்தைச் சுளித்தார். "இரையறது."

அவர்கள் பேசியது வங்காளத்தில். தமிழில் தருகிறேன்.

"காக்கு, இது பாஸ், அடிநாதம். இரையத்தான் செய்யும்."

"இன்னும் அடக்கு."

குழாயை நீளமாக்கினால் சுருதி இறங்கும். நிதாய் நீளமாக்கினான். சந்தானம் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னும் கேக்கறது." மறுபடி நீளமாக்கினான். குழாய் பெட்டிக்குள் பாம்புபோல இரண்டு வளைவு வளைந்தது. பெட்டியின் வயிற்றையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. டிக்கியில் ஸ்டெப்னிக்குக்கூட இடமில்லாமல் போயிற்று.

"காக்கு, இதுக்குக் கீழே போனா காதுக்கு ஒண்ணுமே வராது."

"அதான் வேணும். சத்தம் போடாம இருக்கணும். ஆனா இருக்கறது தெரியணும்."

நிதாய் என்னைப் பார்த்தான். நான் கடலையைப் பார்த்தேன்.

(சப்வூஃபர் விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நொடிக்கு இருபது அதிர்வுக்குக் கீழே போனால் காது கடையை மூடிவிடும், மிருதங்கத்தில் அது ஏது என்பார்கள். மிருதங்கத்தில் இல்லை. கச்சேரி மேடைப் பலகையின் உறுமல் பழைய பதிவுகளில் அடியில் படிந்து கிடக்கும். பெட்டி அதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. காதுதான் கடையை மூடும். உடம்பு மூடாது.)

4

முதலில் பயந்தவன் நிதாய். வேலை முடிந்து, முன் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று இறங்கித் தன் உளிகளையும் தூரிகைகளையும் அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தான். அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினான். பிறகு தரையைத் துடைத்தான். அது எங்கள் கட்டடத் தரை. அவன் சிந்தாத கறையையும் துடைத்தான். கிளம்பும்போது சந்தானத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து, கடியாஹாட் சந்திப்பில் ஒரு போக்குவரத்துப் போலீஸ் சார்ஜெண்ட். சிக்னல் கோட்டைத் தாண்டிவிட்டதாகக் காரை நிறுத்தி, ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். நீட்டிய தலை அப்படியே நின்றது. பிறகு வெளியே எடுத்து, சட்டையை இடுப்புக்குள் செருகி, பெயர்ப் பட்டையை நேராக்கி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சந்தானம் போன பிறகு அவர் தன் பைக்குக்குத் தானே அபராதச் சீட்டு எழுதிக்கொண்டதாகக் கேள்வி.

மூன்றாவது நான். சொல்கிறேன் என்றேன் அல்லவா?

சாவு பயம் இல்லை. பேய் பயமும் இல்லை. அவை எனக்குப் பழக்கம். ஏரியின் முதல் வளைவில் காரில் ஒரு சத்தமும் இல்லை. வயிற்றுக்கு அடியில் மட்டும் ஏதோ மெல்ல நகர்ந்தது. யாரோ வரப்போகிறார்கள். நான் எதையோ அதன் இடத்தில் வைக்கவில்லை. எதை என்று எனக்குத் தெரியாது. வருகிறவருக்குத் தெரியும். அவர் வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். பார்ப்பார். அவ்வளவுதான் அந்தப் பயம். சீட்டில் உதிர்ந்திருந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எப்படி? மெய்சிலிர்க்கறதோல்லியோ?" என்றார் சந்தானம்.

எனக்குப் பட்டதை அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான் ஓய் பக்தி! ஸ்வாமி வரார்னா அப்படித்தான் இருக்கும். போலீஸ்காரன் சல்யூட் அடிச்சான், பார்த்தேளா? சத்தமே போடாம ஒரு மரியாதை. ஷியாமளாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்."

5

இந்த இடத்தில் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். சந்தானம் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் பயப்படுகிற காரில் இவர் மட்டும் எப்படிக் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார்?

[அடித்தது: பின் சீட்டில்தான் பெட்டியின் வேகம் தெரியும்.] நிதாய் முன் சீட்டில் இருந்தான்.

[அடித்தது: சந்தானத்துக்குக் காது மந்தம்.] ஸ்பூன் விஷயத்தை ஏற்கெனவே எழுதித் தொலைத்துவிட்டேன்.

[அடித்தது: அவர் அஞ்சா நெஞ்சர்.] கரப்பான்பூச்சிக்கு என்னைக் கூப்பிடுகிறவர்.

[அடித்தது: அவருக்கு அந்த அதிர்வு]

அதற்கு மேல் பேனா போகவில்லை.

நீங்கள் வேறொன்றைக் கேட்கக் காத்திருக்கிறீர்கள். அவர் மனைவியை அடிப்பாரா? நானும் துருவிப் பார்த்துவிட்டேன். இல்லை. கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. குடி கிடையாது. எழுதுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. ஓர் அறையாவது விட்டிருந்தால் கதை தானே எழுந்து நடந்திருக்கும். கட்டடத்தில் எல்லாரும் சொல்வது, அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிற சுவடே தெரியாது என்று. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை.

சால்ட் லேக் வீட்டு வாசலில் நடந்ததைப் பத்மநாபன் என்னிடம் சொன்னார். காருக்குள் நடந்ததை யாரும் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கதையில் நம்பத்தகுந்த பகுதி காருக்குள் நடந்ததுதான்.

மைத்துனர் என்ற முறையில் பத்மநாபன் முதலில் ஏறிப் பார்த்தார். சந்தானம் பதிவை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிய பத்மநாபன், வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை எல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தார். பிறகு தங்கையின் காதருகே வந்தார்.

"ஷியாமு, வேண்டாம்டி. அந்தக் கார்ல என்னமோ இருக்கு. அப்பறமா டாக்ஸி வெச்சுண்டு போ. போறதுன்னா."

"என்ன இருக்கு?"

"தெரியலே. எனக்கு வேர்த்துடுத்து."

அண்ணன் மனைவி சௌந்தரம் மன்னி காபி டம்ளரோடு நின்றாள். "காபியாவது சாப்ட்டுட்டுப் போயேண்டி" என்றாள்.

ஷியாமளா காபியைக் குடித்தாள். டம்ளரைத் திரும்பக் கொடுத்தாள். ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். பையையும் எடுத்துக்கொண்டாள். இது நல்ல சகுனம் என்று சந்தானம் எடுத்துக்கொண்டார்.

சிங்ரிகாட்டாவைத் தாண்டி பைபாஸில் ஏறியதும்தான் அவர் மறுபடி பெட்டியை ஓடவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை இன்னும் கொஞ்சம் முடுக்கினார். பின்னால் பார்க்கிற கண்ணாடி நடுங்கி, சாலை இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்த பஸ்ஸின் கண்டக்டர் கத்துவதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். ஷியாமளாவிடம் ஓர் அசைவும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"எது?"

"பெட்டிடி. பின்னால ஓடிண்டிருக்கு. உனக்காகத்தான் பண்ணினேன்."

"ஓடறதா?"

"ஒண்ணுமே தெரியலையா? உங்கண்ணாக்குத் தெரிஞ்சுதே. ஒரு போலீஸ்காரன் சல்யூட்டே அடிச்சான்."

"என்ன தெரியணும்னு சொல்லுங்கோ. தெரிஞ்சா சொல்றேன்."

அவர் நான் சொன்னதைத்தான் சொன்னார், கொஞ்சம் மெருகேற்றி. "யாரோ பெரியவா வராப்பல. எதையோ அது இருக்க வேண்டிய எடத்துல வெக்காம விட்டுட்டாப்பல. வயத்துக்குள்ள ஒரு..."

"ஓ, அதுவா?" என்றாள். உப்பு சரியா என்று கேட்டதற்குச் சொல்கிற குரல். "அது எப்பவும் இருக்கறதுதானேன்னா. நம்மாத்துல."

கார் போய்க்கொண்டிருந்தது.

"நம்மாத்துக் குக்கர் ஏன் விசிலடிக்கறதில்லேன்னு நெனச்சுப் பாத்திருக்கேளா? பக்கத்துலயே நின்னுண்டிருப்பேன். கூவப் போறதுன்னு தெரிஞ்சா வெயிட்டைக் கரண்டியால தூக்கி விட்டுடுவேன். முன்னாடி நீங்க ஆபீஸ் போயிண்டிருந்தேள். பகல்ல விட்டுடுவேன், அது பாட்டுக்குக் கூவிக்கும். இப்ப நாள் பூரா ஆத்துல இருக்கேள்."

"நான் உன்ன ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

"இல்லையே. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேள்." கொஞ்சம் யோசித்தாள். "அண்ணா ஆத்துக்குப் போன புதுசுலயும் இது கூடவே இருந்துது. ஒரு நாள் மத்யானம் நின்னுடுத்து. நின்னப்பறம்தான், இத்தனை நாளா இருந்துருக்குன்னு தெரிஞ்சுது. இப்ப ஏறி உக்காந்ததும் வந்துடுத்து. நீங்க பெட்டிங்கறேள். நான் உங்களாலன்னு நெனச்சேன்."

சந்தானம் பெட்டியை நிறுத்தினார். கண்ணாடியின் நடுக்கம் நின்று சாலை ஒன்றாயிற்று. அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்போ?"

அவள் நேர்மையாகச் சோதித்துப் பார்த்தாள், பல்வலி நின்றுவிட்டதா என்று நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல.

"இருக்கு" என்றாள்.

ரூபி சந்திப்பில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. இந்த ஊர் வழக்கப்படி சிக்னல் கம்பத்து ஒலிபெருக்கியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஓடாத அந்தக் காரில், சந்தானத்தின் வயிற்றுக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்ந்தது. அவருக்கு அது புதிது. இன்னதென்று தெரியாமல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்னா, நான் இங்க எறங்கிக்கட்டுமா?" என்றாள் ஷியாமளா.

7

இந்த இடத்தில் வாசகர்கள் முடிவு கேட்பார்கள். நியாயம்தான். வைத்திருந்தேன்.

அவள் வீட்டுக்கு வருகிறாள், அவர் பெட்டியைப் பெயர்த்து எறிகிறார், அடுத்த நாள் காலை எங்கள் கட்டடம் முழுக்கக் குக்கர் விசில் கேட்கிறது. எழுதிப் பார்த்தேன். ஏழு விசில் வைத்தேன். படிக்கும்போது குக்கர் விளம்பரம் மாதிரி இருந்தது.

அவள் கதவைத் திறந்து இறங்கி, சாலையைக் கடந்து, சால்ட் லேக் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள் என்று ஒன்று. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இதற்கு அவள் கேட்காமல் இறங்கியிருக்க வேண்டும். அவள் கேட்டுவிட்டாள். "எறங்கிக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவுப் பிடியில் கை இல்லை. கை மடியில்தான் இருக்கிறது.

இங்கேதான் எனக்கும் வேர்க்கிறது. அவர் "இறங்கிக்கோ" என்று சொன்னால் அது உத்தரவு கொடுத்ததாகும். "வேண்டாம்" என்றால் அதுவும் உத்தரவு. பேசாமல் இருந்தால், முப்பது வருஷமாக அவர் பேசாமல் இருந்ததை எல்லாம் அவள் எப்படிப் புரிந்துகொண்டாளோ அப்படியே புரிந்துகொள்வாள். சந்தானத்துக்கும் இது இப்போது தெரிந்துவிட்டது. எந்த வார்த்தையைத் தொட்டாலும் அது தன் கையில் தடியாக மாறும் என்று பயப்படுகிறார். எழுத உட்கார்ந்த நாளிலிருந்து இந்த மனிதர் பயப்பட வேண்டும் என்று காத்திருந்தேன். பயந்துவிட்டார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

[அடித்தது: அப்போது பச்சை விழுந்தது.] பச்சை விழுந்தால் கார் நகரும், நகர்ந்தால் அவள் கேள்வி அடிபட்டுப்போகும். ஆகவே சிவப்பை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நேரம் வரை ரூபியில் சிவப்புதான். வண்டிகள் கஸ்பா வரை தேங்கிவிட்டன. ஆயிரம் ஹார்ன். சத்தம் ஆகாத மனிதருக்கு அதில் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

என்னால் இதற்கு மேல் முடியாது. நான் கதை முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று நானும் விசாரிக்கவில்லை. நீங்கள்தான் போக வேண்டும். நடைபாதையிலிருந்து இறங்கி, இரண்டு டாக்ஸிக்கு நடுவே புகுந்து போனால் சாம்பல் நிறக் கார். அவள் உட்கார்ந்திருப்பது இடது பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டுங்கள்.

மெதுவாகத் தட்டுங்கள். திடுக்கிட்டுப் போவாள்.